ஏற்காட்டில் வாழ்ந்த புரூஸ் ஃபூட்

கோடையில் ஏற்காடு போனால் ஏரியில் படகு, லேடீஸ் சீட், பகோடா பாயிண்ட், சேர்வராயன் கோயில் என்று ஒரே நாளில் சுற்றிவிட்டு இறங்கிவிடுகிறோம். அடுத்த முறை ஹோலி டிரினிட்டி தேவாலயத்துக்கும் ஒரு நடை போய் வாருங்கள். ராபர்ட் புரூஸ் ஃபூட்டின் நினைவுச் சின்னம் அங்கே இருக்கிறது. இந்தியாவில் பழைய கற்கால மனிதன் வாழ்ந்தான் என்பதை உலகுக்குக் காட்டியவர் இவர்.

1834-இல் இங்கிலாந்தின் செல்டன்ஹாமில் பிறந்தார். 1858-இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் சேர்ந்து சென்னை மாகாணத்துக்கு வந்தார். பாறைகளை ஆராய்ந்து வரைபடம் போடுவதுதான் உத்தியோகம். கற்கருவிகளைத் தேடச் சொல்லி யாரும் அவருக்குச் சம்பளம் கொடுக்கவில்லை.

பிரான்சில் கிடைத்த கற்கருவிகள் மிகப் பழங்கால மனிதன் செய்தவை என்று அறிஞர்கள் ஒப்புக்கொண்டதே 1859-இல்தான். அந்த விவரமெல்லாம் ஃபூட்டுக்குத் தெரியும். 1863 மே 30 அன்று பல்லாவரம் ராணுவ முகாமுக்கு அருகில், சரளை தோண்டி வெளியே கொட்டியிருந்த இடத்தில் ஒரு கல்லைக் கண்டார். தானாக உடைந்த கல் அல்ல, கையால் செதுக்கிய கோடரி. அந்தப் பக்கம் தினமும் எத்தனை பேர் நடந்திருப்பார்கள், யோசித்துப் பாருங்கள்!

ஒரே ஒரு கல்லை வைத்து யாரும் நம்பமாட்டார்கள் அல்லவா? அதே ஆண்டு செப்டம்பரில், பூண்டிக்கு அருகே அத்திரம்பாக்கம் ஓடையில் வில்லியம் கிங் என்ற சக அதிகாரியோடு தேடியபோது இன்னும் பல கருவிகள் கிடைத்தன. அந்த இடத்துக் கருவிகளில் பழையவை சுமார் 15 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தியவை என்று 2011-இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள்.

ஏற்காட்டுக்கும் இவருக்கும் என்ன தொடர்பு என்கிறீர்களா? இவருடைய மாமனார் பீட்டர் பெர்சிவல் பாதிரியார். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரின் துணையோடு பைபிளைத் தமிழாக்கியவர், ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்தவர். கடைசிக் காலத்தில் ஏற்காட்டில் தங்கி, 1882-இல் அங்கேயே காலமானார். ஃபூட்டும் 1891-இல் ஓய்வு பெற்றபின் ஏற்காட்டையே வீடாக்கிக்கொண்டார். ஓய்வு என்று பெயர்தான். பரோடா சமஸ்தானத்துக்கும் புவியியல் வேலை பார்த்தார்.

நாற்பது ஆண்டு சேர்த்த கருவிகளைச் சீமைக்குக் கொண்டுபோகவில்லை. 1904-இல் அவை சென்னை அருங்காட்சியகத்துக்கு வந்தன. சேர்வராயன் மலையில் கிடைத்த வழவழப்பான புதிய கற்காலக் கோடரிகளும் அவற்றில் உண்டு. பேரேடு எழுதியே காலம் கழித்த எனக்கு இவரிடம் பிடித்தது, ஒவ்வொரு கல்லுக்கும் அது கிடைத்த ஊரைக் குறித்து வைத்த ஒழுங்கு. ஊர்ப் பெயர் இல்லாவிட்டால் அது வெறும் கல்தானே! 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தாவில் இறந்தார். அவர் தயாரித்த பட்டியல் 1914-இலும், குறிப்புகள் 1916-இலும் அச்சாகி வந்தன. கற்கள் எழும்பூரில் இருக்கின்றன.