பட்டறையில் ஒன்று, தொழிற்சாலையில் ஒன்று: டான் யென்கோவின் வாழ்க்கை

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

மோட்டார் கார் என்றவுடன் நம் நினைவுக்கு வருவது ஹென்றி ஃபோர்டின் பெயர். தொழிற்சாலை கட்டியவர்களின் பெயர்கள் வரலாற்றில் நிலைத்து நிற்பது இயல்பே. ஆனால் தமக்கென்று ஒரு தொழிற்சாலை இல்லாமல், கார் விற்கும் கடையையும் அதன் பின்புறப் பட்டறையையும் மட்டும் வைத்துக்கொண்டு, உலகப் பெரும் நிறுவனம் ஒன்று செய்யாத காரைச் செய்து காட்டியவர் ஒருவர் உண்டு. செய்து காட்டியதோடு நில்லாமல், அந்த நிறுவனத்தையே அதைச் செய்ய வைத்தவரும் அவரே. அவர்தாம் அமெரிக்க நாட்டின் டான் யென்கோ. அவருடைய வாழ்வைச் சற்றே நோக்குவோம்.

இளமைப் பருவம்

1927-ஆம் ஆண்டு மே மாதம் 27-ஆம் நாள், பென்சில்வேனியா மாநிலத்தில் பென்ட்லிவில் என்னும் சிற்றூரில் டான் யென்கோ பிறந்தார். தந்தை ஃபிராங்க் யென்கோ செவர்லே கார்களின் விற்பனையாளர். வேகத்தின்மீது இளமையிலேயே காதல் கொண்ட டான், பதினாறு வயதில் விமானம் ஓட்டும் உரிமம் பெற்றார். அமெரிக்க விமானப் படையில் பணியாற்றினார். பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பயின்றார். பிறகு தந்தையின் தொழிலில் துணை நின்றார். கேனன்ஸ்பர்க் நகரில் இருந்த யென்கோ செவர்லே கடை பின்னாளில் அவரால் புகழ் பெற்றது.

பந்தயக் களத்தில்

1950-களின் பிற்பகுதியில் அவர் கார்வெட் காரில் பந்தயங்களில் இறங்கினார். அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார் கிளப் நடத்திய போட்டிகளில் 1962, 1963 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் பி பிரிவின் தேசியப் பட்டம் அவருக்குக் கிடைத்தது. ஆனால் காற்று எப்போதும் ஒரே பக்கம் வீசுமா? கரோல் ஷெல்பி என்பவர் ஃபோர்டு எஞ்சின்களைக் கொண்டு அமைத்த கார்கள் களத்தை ஆளத் தொடங்கின. செவர்லேயின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸோ, 1963-இல் பந்தயங்களுக்கு உதவுவதை நிறுத்திவிட்டது.

யென்கோ மனம் தளரவில்லை. கார்வேர் என்னும் சிறிய காரைத் தேர்ந்தெடுத்தார். அதில் ஒரு சிக்கல் இருந்தது. பின்னிருக்கை உள்ள கார் ஸ்போர்ட்ஸ் கார் ஆகாது. அது மட்டுமன்று, ஒரு கார் அந்தப் பிரிவில் சேர வேண்டுமானால் 100 கார்களாவது செய்யப்பட்டிருக்க வேண்டும். விதியைக் கண்டு மற்றவர்கள் விலகிப் போவார்கள். யென்கோ விதியைப் படித்தார். 100 கார்வேர்களைத் தருவித்தார், பின்னிருக்கைகளைக் கழற்றினார், எஞ்சினைத் திருத்தினார், 1966-ஆம் ஆண்டுப் பந்தயப் பருவத்திற்குள் ஆயத்தமானார். அவற்றுக்கு ஸ்டிங்கர் என்று பெயரிட்டார். 1967-இல் ஜெர்ரி தாம்சன் என்னும் வீரர் ஸ்டிங்கர் ஒன்றை ஓட்டி டி பிரிவின் தேசியப் பட்டத்தை வென்றார். விதியை மீறாமல், அதன் ஒவ்வொரு எழுத்தையும் படித்து வழி காணும் இப்பழக்கமே பின்னர் அவருக்குப் பெரும் வெற்றியைத் தேடித் தந்தது.

400 என்னும் எல்லைக்கோடு

1960-களில் அமெரிக்க இளைஞர்களைக் கவர்ந்தவை மசில் கார்கள். நடுத்தர அளவுள்ள, அதிக விலையில்லாத காரில் பெரிய எஞ்சினை வைத்தால் அது மசில் கார். 1967-ஆம் ஆண்டு மாடலாகச் செவர்லே கமாரோ வெளிவந்தது. ஆனால் கார்வெட் நீங்கலாக, நடுத்தர, சிறிய கார்களில் 400 கன அங்குலத்திற்கு மேற்பட்ட எஞ்சினை வைக்கக்கூடாது என்று ஜெனரல் மோட்டார்ஸ் தனக்குத்தானே ஒரு வரம்பு விதித்திருந்தது. ஆகவே கமாரோவுக்குக் கிடைத்த மிகப் பெரிய எஞ்சின் 396 கன அங்குலம். அதே நிறுவனத்திடம் 425 குதிரைத்திறன் கொண்ட 427 கன அங்குல எஞ்சின் தயாராக இருந்தும், கமாரோவை வாங்குபவருக்கு அது கிடையாது.

இயற்பியல் மாணவர்கள் இங்கே ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 396 எஞ்சினின் உருளை விட்டம் 4.094 அங்குலம், பிஸ்டன் ஓடும் தூரம் 3.76 அங்குலம். 427 எஞ்சினிலும் பிஸ்டன் ஓடும் தூரம் அதே 3.76 தான், உருளையின் விட்டம் மட்டும் 4.25 அங்குலம். விட்டத்தின் வர்க்கத்தை பையால் பெருக்கி, நான்கால் வகுத்து, ஓடும் தூரத்தாலும் எட்டு உருளைகளாலும் பெருக்கினால் இரண்டு எண்களும் கிடைத்துவிடும். விட்டத்தில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு அங்குலமே வேறுபாடு! வெளியுருவில் இரண்டும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள். ஒன்று இருந்த இடத்தில் மற்றொன்று அப்படியே அமர்ந்துவிடும்.

இந்த உண்மையை யென்கோ பயன்படுத்திக்கொண்டார். 396 எஞ்சினோடு வந்த கமாரோக்களை வாங்கி, அந்த எஞ்சினை இறக்கிவிட்டு 427-ஐ ஏற்றினார். ஆயத்த ஆடையை வாங்கி, தையற்காரரிடம் கொடுத்துப் பிரித்துத் தைப்பது போன்றது இது. சிக்காகோவில் நிக்கி, கலிபோர்னியாவில் டானா, நியூயார்க் மாநிலத்தில் மோஷன் ஆகிய நிலையங்களும் இதே வேலையைச் செய்தன. இவையே விற்பனையாளர் கட்டிய கார்கள்.

பட்டறையின் குறை

இம்முறையில் வேகம் கிடைத்தது. ஆனால் தொல்லைகளும் கூடவே வந்தன. ஒவ்வொரு காருக்கும் எஞ்சினை இறக்கி ஏற்ற ஆட்களும் நாட்களும் வேண்டும். இறக்கிய எஞ்சினை விற்றாக வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஓடும் வழியில் பழுதானால் யார் பொறுப்பு என்னும் கேள்வி எழுந்தது. எஞ்சினை மாற்றியது கடைக்காரர். ஆகவே உத்தரவாதச் சுமையும் அவர் தலையில்தான்.

யென்கோ மீண்டும் விதிகளைப் படித்தார். செவர்லேயில் மத்திய அலுவலக உற்பத்தி ஆணை என்றொரு முறை நெடுநாளாக இருந்தது. சுருக்கமாக அதைக் கோபோ என்பர். டாக்சி நிறுவனங்களும் காவல் துறையும் மொத்தமாகக் கார் வாங்கும்போது, தனி வண்ணம், உறுதியான இருக்கை போன்ற சிறப்புத் தேவைகளைக் கேட்டுப் பெறுவதற்கான வழி அது. டாக்சிக்குத் திறக்கும் கதவு பந்தயக் காருக்குத் திறக்காதா? செவர்லேயில் உயர்திறன் கார்களுக்குப் பொறுப்பாயிருந்த வின்ஸ் பிகின்ஸ் துணை நின்றார். 1969-இல் கோபோ 9561 என்ற எண்ணில், 427 எஞ்சின் பொருத்திய கமாரோக்கள் தொழிற்சாலையிலிருந்தே வெளிவந்தன. யென்கோ ஏறத்தாழ 200 கமாரோக்களையும், இதே முறையில் 99 ஷெவெல் கார்களையும் பெற்றார். தம் கடையில் பட்டைக் கோடுகளையும் பெயர்ச் சின்னங்களையும் ஒட்டி விற்றார்.

எஞ்சின் அதே எஞ்சின். கார் அதே கார். பிறகு என்ன வேறுபாடு? 9561 என்ற அந்த எண்ணுக்குள் எஞ்சின் மட்டும் அடங்கவில்லை. அதன் வெப்பத்தைத் தாங்கும் பெரிய ரேடியேட்டரும், அதன் முறுக்கைத் தாங்கும் பின்னச்சும், வேகத்தை அடக்கும் முன்சக்கர டிஸ்க் பிரேக்கும் சேர்ந்தே வந்தன. உத்தரவாதமும் வந்தது. காரை ஓட்டுபவனுக்கு விற்றவர் மட்டுமன்றி, செய்த நிறுவனமும் பொறுப்பேற்றது.

வழி திறந்ததும் மற்றவர்களும் அதில் நடந்தனர். இல்லினாய் மாநிலத்தில் லா ஹார்ப் என்னும் சிற்றூரின் விற்பனையாளர் ஃபிரெட் கிப், முழுவதும் அலுமினியத்தாலான 427 எஞ்சின் கொண்ட 50 கமாரோக்களுக்கு ஆணை கொடுத்தார். அவ்வகையில் மொத்தம் செய்யப்பட்டவை 69 மட்டுமே. எஞ்சினின் விலையே 4,000 டாலரைத் தாண்டியதால் வாங்குவோர் இல்லை. கிப் தாம் பெற்ற கார்களில் பலவற்றைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது.

மறுக்கப்பட்ட கார்

அதே 1969-இல் யென்கோ, நோவா என்னும் சிறிய காரிலும் 427 எஞ்சினை வைக்க விரும்பினார். அதற்குத் தொழிற்சாலை வழி கிடைக்கவில்லை. அவர் பழைய முறைக்கே திரும்பி, நாற்பதுக்கும் குறைவான நோவாக்களில் தம் பட்டறையிலேயே எஞ்சினை மாற்றினார். அவை மின்னல்போல் பாய்ந்தன. ஆயினும் சாலைக்கு அவை ஆபத்தானவை என்பதைப் பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார். திறமைமிக்க ஒரு தனிமனிதர் தம்மால் முடியும் என்பதாலேயே செய்தது அது. முடியும் என்பது ஒன்று, தகும் என்பது வேறொன்று என்பதை இந்த நோவாவைவிடத் தெளிவாகச் சொல்லும் கார் வேறில்லை.

அடுத்த ஆண்டு அவர் தம் போக்கை மாற்றிக்கொண்டார். பெரிய எஞ்சின் கார்களுக்குக் காப்பீட்டுக் கட்டணம் ஏறியிருந்தது. எனவே 1970-இல் 350 கன அங்குலமே உள்ள, ஆனால் 360 குதிரைத்திறன் தரும் எஞ்சினோடு 175 நோவாக்களைக் கோபோ முறையிலேயே தருவித்தார். டியூஸ் என்பது அவற்றின் பெயர். கடுகு சிறுத்தாலும் காரம் குறையவில்லை.

இறுதி நாட்கள்

1970-ஆம் ஆண்டு மாடல்களுக்கு ஜெனரல் மோட்டார்ஸ் அந்த 400 என்னும் வரம்பை நீக்கியது. ஆனால் காற்று மாசைத் தடுக்கும் சட்டங்களும் எரிபொருள் நெருக்கடியும் தொடர்ந்து வந்து, மசில் கார்களின் காலத்தை முடித்துவைத்தன. 1981-இல் டர்போ பொருத்திய சில கமாரோக்களை யென்கோ மீண்டும் தம் பெயரில் விற்றார். பழைய விற்பனை பின்னர் மீளவில்லை. 1987-ஆம் ஆண்டு மார்ச் 5-ஆம் நாள், மேற்கு வர்ஜீனியாவின் சார்ல்ஸ்டன் நகருக்கு அருகே தரையிறங்கும்போது அவர் ஓட்டிய சிறு விமானம் விபத்துக்குள்ளாயிற்று. அவரும் உடன் வந்த மூவரும் உயிரிழந்தனர். அப்போது அவருக்கு வயது 59.

இன்று இவ்விரு வகைக் கார்களும் ஏலங்களில் பெருந்தொகைக்குப் போகின்றன. வாங்குவோர் முதலில் எஞ்சின் கட்டையில் பொறித்த எண்ணைத்தான் பார்க்கின்றனர். தொழிற்சாலை வைத்த எஞ்சினில் காரின் வரிசை எண்ணின் ஒரு பகுதி இருக்கும். பட்டறையில் மாற்றிய எஞ்சினில் அது இராது. கடையின் பழைய பில்லும் கடிதமும்தான் அதற்குச் சாட்சி. கைவேலையை மெய்ப்பிக்கவும் காகிதம் வேண்டியிருக்கிறது.

நண்பர்களே! குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள் நம்மில் பலர் உண்டு. எந்த விண்ணப்பம் எந்த அறையில் கிடைக்கும், எந்த விதி நமக்கும் பொருந்தும் என்பதைச் சொல்லித்தர நம் வீட்டில் ஆளில்லை. யென்கோவின் தந்தை கார் கடை வைத்திருந்தவர். அந்த வகையில் அவர் நம்மைப் போன்றவர் அல்லர். எனினும் அவர் வாழ்விலிருந்து நாம் எடுத்துக்கொள்ளத்தக்கது ஒன்று உண்டு. எவருக்காகவோ எழுதி வைத்த ஆணைத்தாளை அவர் எடுத்து வாசித்தார். அதில் தமக்கும் இடமிருப்பதைக் கண்டார். அதே சமயம், மறுப்பு வரும்போது அம்மறுப்பில் பொருள் உண்டா என்று எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதை அவருடைய நோவா நமக்கு உணர்த்துகிறது. கைத்திறனால் தொடங்குவோம், பொறுப்பேற்பாரையும் உடன் சேர்த்துக்கொண்டு முன்னேறுவோம்.