ஒளியும் விழியும்

தொண்டை நாட்டின் வடபால், ஆந்திர நாட்டிற்கு அணித்தாக விளங்குவது திருத்தணிகை மலை. முருகப்பெருமான் சினம் தணிந்து அமர்ந்த அம்மலைக்கு, ஆண்டின் நாட்களைப் போன்று 365 படிகள் உள்ளன என்பர். படியேறி உச்சியில் நிற்பார்க்கு, கீழே ஊரும் வயலும் சாலையும், தொலைவில் நீலக் குன்றுகளும் ஒருங்கே காட்சியளிக்கும். ஆயினும், சற்றே உன்னிப் பார்த்தால் ஓர் உண்மை புலனாகும். ஒரு நேரத்தில் ஓரிடந்தான் தெளிவாகத் தெரிகின்றது. அதனைச் சூழ்ந்தவை யாவும் மங்கலாகவே தோன்றுகின்றன. ஆதலால், விழி ஓயாது இடம்விட்டு இடம் பெயர்ந்துகொண்டே இருக்கின்றது. உலகைக் காட்டும் கண்ணின் இயல்பு இத்தகையது.

இத்திருத்தணியில் 1888ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 5ஆம் நாள் பிறந்தவர் தத்துவ மேதை இராதாகிருஷ்ணன். அதே ஆண்டு நவம்பர் 7ஆம் நாள், திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவில் மற்றொரு குழந்தை பிறந்தது. அக்குழந்தையே பின்னாளில் சர் சி. வி. இராமன் என உலகம் போற்றிய விஞ்ஞானி. முன்னவர் அகவொளியை ஆராய்ந்தார். பின்னவர் புறவொளியை ஆராய்ந்தார். இருவரும் கல்கத்தாப் பல்கலைக் கழகத்தில் ஒரே காலத்தில் பேராசிரியராய் இருந்தனர். 1954இல் பாரத ரத்தின விருது முதன்முதலாக வழங்கப்பெற்றபோது, அதனை இராஜாஜியுடன் இவ்விருவருமே பெற்றனர்.

இராமனின் தந்தையார் சந்திரசேகர ஐயர் விசாகப்பட்டினத்தில் கல்லூரி ஆசிரியராகப் பணியாற்றியமையால், இளமைக் கல்வி அங்கே நிகழ்ந்தது. பின்னர்ச் சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, 1904இல் பி.ஏ. தேர்வில் முதன்மையுற்றார். 1906இல், பதினெட்டாம் வயதிலேயே, ஒளியைப் பற்றிய அவர்தம் முதற்கட்டுரை இலண்டன் மாநகர இதழொன்றில் வெளிவந்தது. மேனாடு சென்று பயில அவர் உடல்நிலை இடந்தரவில்லை. ஆகவே, 1907இல் அரசாங்கத்தின் நிதித்துறையில் அலுவலேற்றுக் கல்கத்தா சென்றார்.

கணக்கேடுகள் அவர்தம் பகற்பொழுதைக் கவர்ந்தன, கருத்தைக் கவரவில்லை. மகேந்திரலால் சர்க்கார் என்னும் மருத்துவர் 1876இல் நிறுவிய விஞ்ஞானக் கழகம் ஒன்று அந்நகரில் இருந்தது. அலுவலுக்கு முன்னும் பின்னும் அங்குச் சென்று ஆராய்ச்சியில் ஆழ்ந்தார். 1917இல் கல்கத்தாப் பல்கலைக் கழகத்தார் பேராசிரியர் பதவி அளித்தபோது, அதன் ஊதியம் அரசாங்கச் சம்பளத்தினும் குறைவே. எனினும் அதனையே மகிழ்வுடன் ஏற்றார். அறிவின்பத்தின் முன் பொருளின்பம் அவர்க்குச் சிறிதாயிற்று.

1921இல் இங்கிலாந்து சென்று திரும்புகையில், மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீலம் அவர் உள்ளத்தைக் கொள்ளை கொண்டது. வானத்தின் நிறமே கடலில் தோன்றுகின்றது என்று அறிஞர் அக்காலத்திற் கருதினர். இராமனோ, தம்மிடமிருந்த சிறு படிகக் கருவி ஒன்றின் வழியே கடலை நோக்கினார். நீர்ப்பரப்பில் பட்டு மீளும் வானொளியை அக்கருவி விலக்கிய பின்னரும் நீலம் மறையவில்லை. நீரின் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறச் செய்வதும் அந்நிறத்திற்குக் காரணம் என்று உணர்ந்தார்.

அன்று எழுந்த ஐயமே அவரை மேலும் செலுத்தியது. ஒரு நிற ஒளியைத் திரவத்திற் பாய்ச்சி, அந்நிறத்தைத் தடுக்கும் கண்ணாடி வழியே நோக்கினால், இருள்தானே தோன்றல் வேண்டும்? ஆனால், ஆங்கே மெல்லிய ஒளி தோன்றிற்று! சிதறிய ஒளியில் ஒரு சிறுபகுதி நிறம் மாறியிருந்தது. மாணவர் கே. எஸ். கிருஷ்ணன் உடனிருந்து உதவ, ஏறத்தாழ 60 வகைத் திரவங்களில் இவ்வுண்மை சோதிக்கப்பெற்றது. 1928 பிப்ரவரி 28ஆம் நாள், சிறு நிறமாலைக் கருவியால் அது ஐயமற உறுதியாயிற்று. 1930இல் நோபெல் பரிசு அவரை அடைந்தது. இப்பெருங் கண்டுபிடிப்பிற்குத் துணைநின்றவை எளிய கருவிகளே. அவற்றுள் தலையாயது அவர்தம் கண்ணே எனலாம்.

1933இல் பெங்களூர் சென்ற அவர், 1948இல் தம் பெயரால் ஆராய்ச்சி நிலையம் ஒன்றை நிறுவினார். ஓய்வுக்குரிய முதுமையில், இத்தனை நாளும் தமக்குத் துணைநின்ற கண்ணையே ஆராயப் புகுந்தார். காணும் கண் தன்னைத் தானே காணுதல் எங்ஙனம்? அதற்கும் எளிய வழியொன்று கண்டார். ஒளியூட்டிய வெண்டிரையின் ஒரு புள்ளியில் நோக்கை நிறுத்தி, நிறக் கண்ணாடி ஒன்றின் வழியே சிறிது நேரம் பார்த்தார். பின்பு கண்ணாடியைச் சட்டென விலக்கினார். அப்போது விழித்திரையின் நடுப்பகுதி, பெரிதாக்கப்பட்ட ஓவியம்போல் வெண்டிரைமேல் தோன்றியது. கூர்மையான பார்வைக்கு இடமாகிய சிறு குழி அதன் நடுவே வட்டமாய்க் காணப்பட்டது. அக்குழியை நாம் விரும்பும் பொருளுக்கு நேரே கொணர்தற்கே விழி ஓயாது திரும்புகின்றது.

இவ்வாராய்ச்சிகளைத் தொகுத்து 1968இல், எண்பதாம் வயதில், நூலாக வெளியிட்டார். நிறங்களைக் கண் உணரும் வகைபற்றி அறிஞர் பலரும் ஒப்பிய கொள்கையை அவர் அதில் மறுத்தார். அவர்தம் மறுப்பைப் பின்வந்த ஆராய்ச்சியாளர் ஏற்கவில்லை. பெரியோர் கூற்றாயினும் சோதனைக்கு உட்பட்டே நிற்றல் வேண்டும் என்பது விஞ்ஞான நெறி. அந்நெறிக்கு அவரும் விலக்கல்லர். எனினும், புகழின் உச்சியை எய்திய பின்னும், புதியதொரு துறையில் மாணவர்போற் புகுந்த அவர்தம் ஊக்கம் குறைவுடையதன்று. 1970 நவம்பர் 21ஆம் நாள் அவர் இயற்கை எய்தினார்.

விழியின் அசைவை அறியும் கலை அதன்பின் வேறு பலரால் வளர்ந்தது. 1992இல் ஜப்பான் நாட்டின் கேனான் நிறுவனத்தார், பார்ப்பவர் நோக்குமிடத்தை அறிந்து அவ்விடத்தைத் தெளிவாக்கும் படப்பெட்டி ஒன்றை வெளியிட்டனர். அதிற் கண்வைத்துப் பார்க்கும் சிறு சாளரத்துள், கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்புக் கதிர்கள் விழிமேற் படுகின்றன. கருவிழிப் பரப்பில் மின்னும் ஒளிப்புள்ளியும் பாவையின் நடுவும் எவ்வாறு அமைந்துள்ளன என்பதை நுண்கருவி அளக்கின்றது. அவ்வளவினின்று நோக்கின் திசை கணிக்கப்படுகின்றது. ஆளுக்கு ஆள் விழி வேறுபடுதலின், அவரவர் கண்ணுக்கேற்ப அதனை முன்னரே பழக்குதல் வேண்டும். மூக்குக் கண்ணாடியின் பளபளப்பும் அதனை மயக்கும். விரலிடை அளவான இடத்துள் இத்தனையும் அமைத்தல் அரியதொரு தொழிலே. இப்படப்பெட்டியை ஆக்கியதில் இராமனுக்குப் பங்கில்லை. எனினும், விழி தான் விரும்பும் பொருள் நோக்கித் தன் கூரிய குழியைத் திருப்பும் என்னும் இயல்பே இதற்கும் அடிப்படை.

கடலின் நீலத்தைக் கண்டோர் பலர். அதன் காரணத்தை வினவியவர் சிலர். கண் எல்லார்க்கும் உண்டு. கண்டதை ஆராயும் கருத்தே அறிஞர்க்கு அணிகலன். தணிகை மலையில் நின்று தொலைவிலுள்ள நீலக் குன்றுகளைக் காணும் இளைஞர், ஒரு கணம் நின்று, அந்நீலம் எங்கிருந்து வந்தது என்று வினவுவாராயின், இராமன் சென்ற வழியில் அவர்களும் முதலடி வைத்தவராவர்.