சின்ன ஆப்-க்கு டேட்டாவை எங்கே வைக்கலாம்? 1970-லேயே வழிகாட்டிய எட்கர் காட்!

அப்பார்ட்மென்ட் பார்க்கிங்குக்கோ, ஒரு கிளினிக் டோக்கனுக்கோ சின்னதாக ஒரு சர்வர் ஆப் எழுதுறீங்கன்னு வெச்சுக்குவோம். யார் டோக்கன் வாங்கினாங்க, யார் பணம் கட்டினாங்க என்ற தகவலை எங்கே வைப்பீங்க? மெமரியிலா, ஜேசான் ஃபைலிலா, டேட்டாபேஸிலா? இந்தக் குழப்பத்துக்குப் பாதி விடை, எட்கர் காட் என்பவரின் வாழ்க்கையில் இருக்கு.

யார் இந்த காட்?

1923-ல் இங்கிலாந்தின் போர்ட்லேண்ட் தீவில் பிறந்தவர். ஆக்ஸ்ஃபோர்டில் படிப்பு, இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப் படையில் பைலட். போர் முடிந்ததும் அமெரிக்கா போய் ஐபிஎம்மில் சேர்ந்தார். 1950-களில் செனட்டர் மெக்கார்த்தி நடத்திய கம்யூனிஸ்ட் வேட்டை பிடிக்காமல் கனடாவுக்குக் கிளம்பி, சில வருஷம் கழித்துத்தான் திரும்பினார். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கும்போது வயது நாற்பதைத் தாண்டியிருந்தது.

அப்போ என்ன பிரச்சினை?

அன்றைய டேட்டாபேஸ்கள் மரக்கிளை மாதிரி. ஒரு தகவல் வேண்டுமென்றால், எந்தக் கிளை வழியாகப் போகணும் என்று புரோகிராமே சொல்லணும். சேமிக்கும் முறையை மாற்றினால் புரோகிராமையும் திருத்தி எழுதணும். அப்பல்லோ திட்டத்துக்காக உருவான ஐபிஎம்மின் ஐஎம்எஸ்-ம் இந்த வகைதான்.

1970-ல் காட் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். எல்லாத்தையும் அட்டவணைகளாக வைங்க. என்ன வேணும்னு மட்டும் புரோகிராம் கேட்கட்டும். அது டிஸ்க்கில் எங்கே, எப்படி இருக்கு என்பது டேட்டாபேஸின் கவலை. ரிலேஷனல் மாடல் பிறந்தது இப்படித்தான்.

சொந்த கம்பெனியே தயங்கியது

ஐஎம்எஸ் நல்லா வருமானம் தந்துகொண்டிருந்ததால், ஐபிஎம் இந்த யோசனையில் வேகம் காட்டலை. அதன் ஆய்வுக்கூடத்தில் எஸ்க்யூஎல் மொழி உருவானாலும், 1979-ல் அதை வைத்து முதலில் கடை விரித்தது ஆரக்கிள். ஐபிஎம்மின் தயாரிப்பு 1981-ல்தான் வந்தது. அதே ஆண்டு காட்டுக்கு டூரிங் விருது கிடைத்தது. ஆனாலும் எஸ்க்யூஎல் தன் கொள்கையை முழுசாகப் பின்பற்றலை என்ற வருத்தம் அவருக்கு இருந்தது. 2003 ஏப்ரலில், 79 வயதில் ஃபுளோரிடாவில் இறந்தார்.

சரி, நம்ம ஆப்-க்கு எது?

காட்டின் யோசனை பெரிய கம்பெனிகளோடு நிற்கலை. 2000-ல் ரிச்சர்ட் ஹிப் வெளியிட்ட எஸ்க்யூலைட், மொத்த டேட்டாபேஸையும் ஒரே ஃபைலில் அடக்கியது. தனி சர்வர் வேண்டாம், பாஸ்வேர்டு வேண்டாம். ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலுமே இது இருக்கு.

மெமரி: ரீஸ்டார்ட் ஆனதும் அழியும். அழிந்தாலும் பரவாயில்லை என்ற தகவலுக்கு மட்டும் ஓகே.

ஜேசான் ஃபைல்: எப்போதாவது மாறும் செட்டிங்ஸுக்குப் போதும். டோக்கனுக்கோ பணத்துக்கோ ஆபத்து. இரண்டு பேர் ஒரே நேரத்தில் பதிவு செய்தால் ஒருத்தர் பதிவு காணாமல் போகலாம். எழுதும்போதே கரன்ட் போனால் ஃபைல் பாதியில் நிற்கும்.

எஸ்க்யூலைட்: ஒரு பதிவு முழுசாக நடக்கும், இல்லையேல் நடக்கவே நடக்காது. ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுத முடியும். பெரும்பாலான சின்ன ஆப்-களுக்கு அது தாராளம்.

போஸ்ட்கிரஸ்: ஒரே டேட்டாவைப் பல சர்வர்கள் பகிர வேண்டிய நிலை வந்தால் இதுக்கு மாறலாம்.

அந்த மாற்றத்தின்போதுதான் காட்டின் அருமை தெரியும். அட்டவணைகளும் அதேபோல, கேள்விகளும் பெரும்பாலும் அதேபோல. சில இடங்களில் திருத்தம் வரும். ஆப்-ஐ முதலிலிருந்து எழுத வேண்டியிருக்காது. ஜேசானில் ஆரம்பித்து வளர்ந்தால், ஃபைலைத் திறக்கிற ஒவ்வொரு வரியையும் தேடித் தேடி மாற்றணும். 1960-களின் புரோகிராமர்கள் பட்ட அதே பாடு.

எஸ்க்யூலைட் எடுப்பதற்கு முன் ஒன்றை மட்டும் செக் பண்ணுங்க. சில கிளவுட் சேவைகளில் ஆப்-ஐ மறுபடி ஏற்றும்போது டிஸ்க்கில் இருந்தது எல்லாம் துடைக்கப்பட்டுவிடும். நிரந்தர டிஸ்க் இருக்கான்னு பார்த்துக்கோங்க. அந்த ஒரு ஃபைலுக்கு தினமும் பேக்கப்பும் எடுத்து வையுங்க.