கொல்லிமலையில் காத்திருந்த வெள்ளைக்கார மாது!

சேலத்திலிருந்து நாமக்கல் போகும் சாலையில் இருக்கிறது, புதுச்சத்திரம். அங்கே நின்று கிழக்கே பார்த்தால், வானத்தின் அடியில் நீலச்சுவர் போல ஒரு மலை தெரியும். அதுதான் கொல்லிமலை. வல்வில் ஓரி ஆண்ட மலை. கொல்லிப்பாவை காவல் காக்கும் மலை.

இன்று அந்த மலைக்குப் பஸ் போகிறது. 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் உச்சி வந்துவிடுகிறது. நூறு ஆண்டுகளுக்கு முன்பு அப்படி இல்லை. சேந்தமங்கலம் பக்கத்து அடிவாரத்திலிருந்து ஒற்றையடிப் பாதையில் ஏறவேண்டும். ஏற முடியாதவர்களை டோலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு போவார்கள். சுமார் 4,000 அடி உயரம்.

ஏறுவதைவிட அங்கே தங்குவதுதான் கடினம். மலைக்காய்ச்சல் ஆளைக் கொன்றுவிடும். அதனால் கீழ்நாட்டார் அங்கே இரவு தங்கவே அஞ்சினார்கள்.

அந்த மலையில் குடியேறினார்கள், ஒரு வெள்ளைக்காரப் பாதிரியாரும் அவர் மனைவியும். ஆறு ஆண்டுகள் ஜெபம் செய்தார்கள். ஒருவர்கூட அவர்கள் வழிக்கு வரவில்லை!

கொத்தனார் வீட்டுப் பிள்ளை

பாதிரியாரின் பெயர், ஜெஸ்ஸி பிராண்ட். இங்கிலாந்தில் கில்ட்போர்டு என்ற ஊரைச் சேர்ந்தவர். கட்டிட வேலை செய்யும் குடும்பம். லண்டனில் ஓராண்டு வெப்பநாட்டு வைத்தியம் படித்துவிட்டு, 1907-இல் ஸ்டிரிக்ட் பாப்டிஸ்ட் மிஷன் என்ற சங்கத்தின் சார்பில் தமிழ்நாட்டுக்கு வந்தார். அப்போது அவருக்கு வயது 22.

சேந்தமங்கலத்தில் தங்கித் தமிழ் படித்தார். மலையிலிருந்து இறங்கி வரும் மக்களைப் பார்த்தார். அவர்களை 'மலையாளிகள்' என்பார்கள். கேரளத்து மலையாளிகள் அல்ல. மலையை ஆள்பவர்கள் என்று பொருள். புண்ணும் காய்ச்சலுமாக வந்த அவர்களைப் பார்த்ததும், தான் போகவேண்டிய இடம் மலைதான் என்று முடிவு செய்துவிட்டார்.

விடுமுறையில் சீமைக்குப் போனபோது, லண்டனில் ஒரு கூட்டத்தில் கொல்லிமலையைப் பற்றிப் பேசினார். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவர், ஈவ்லின் ஹாரிஸ். வசதியான வீட்டுப் பெண். ஓவியம் பயின்றவர். நல்ல உடைகளில் ஆசை உள்ளவர். அந்தப் பேச்சு அவர் மனத்தைக் குடைந்தது. சில காலத்தில் அவரும் கப்பல் ஏறிவிட்டார்.

1913-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் இருவருக்கும் சேந்தமங்கலத்தில் திருமணம். மணமகளுக்கு 34 வயது, மணமகனுக்கு 28. திருமணம் முடிந்ததும் மலை ஏறினார்கள். நல்ல மழை. புடம் போட்ட வெள்ளி போலப் பளபளத்த கல்யாண உடை, நனைந்து சேறு படிந்து, உச்சிக்குப் போகுமுன் கந்தலாகிவிட்டது.

வாழவந்தி என்ற இடத்தில் ஜெஸ்ஸி ஏற்கனவே ஒரு மரவீடு கட்டி வைத்திருந்தார். தூண்களின் மேல் நிற்கும் வீடு. கரையான் ஏறாமல் இருக்க, தூண்களின் தலையில் வாணலி போன்ற தகடுகளைக் கவிழ்த்து வைத்திருந்தார். கட்டிடக்காரர் வீட்டுப் பிள்ளை அல்லவா!

மருந்துக்கு வந்தார்கள், ஜெபத்துக்கு வரவில்லை

மக்கள் வந்தார்கள். வைத்தியத்துக்கு வந்தார்கள். பல் பிடுங்க வந்தார்கள். காய்ச்சலுக்கு மருந்து வாங்க வந்தார்கள்.

அந்த நாளில் மலையைப் பிடித்து ஆட்டிய பெரும் துன்பம், நரம்புச் சிலந்தி. இன்றைய இளைஞர்களுக்கு அந்தப் பெயரே தெரியாது. கலங்கிய குளத்து நீரையும், படிக்கிணற்று நீரையும் குடித்தால், கண்ணுக்கு அரிதாகத் தெரியும் சின்னஞ்சிறு நீர்ப்பூச்சிகளோடு சிலந்திப் புழுவின் குஞ்சும் வயிற்றுக்குள் போய்விடும். ஓர் ஆண்டு உடலுக்குள்ளேயே வளரும். பிறகு காலில் கொப்புளம் கிளம்பும். அதிலிருந்து நூல் போன்ற புழு தலை நீட்டும். இரண்டு, மூன்று அடி நீளம் இருக்கும். வெடுக்கென்று இழுத்தால் அறுந்துபோய், உள்ளே சீழ் பிடிக்கும். ஒரு குச்சியில் சுற்றிச் சுற்றி, தினம் கொஞ்சமாக, பல நாள் இழுக்கவேண்டும்.

ஜெஸ்ஸி அந்த வேலையைப் பொறுமையாகச் செய்தார். புழு வெளிவந்த காலோடு கிணற்றில் இறங்கக்கூடாது என்றும், கிணற்றுக்குச் சுவர் எழுப்பவேண்டும் என்றும் ஊர் ஊராகச் சொன்னார். பள்ளிக்கூடம் வைத்தார். தச்சு வேலை கற்றுக்கொடுத்தார். ஆரஞ்சும் கரும்பும் பயிரிட வைத்தார். தீர்வைத் தகராறுகளில் மலை மக்களின் பக்கம் நின்றார்.

இத்தனையும் நடந்தது. ஆனால் மாலையில் விளக்கேற்றி ஜெபம் செய்ய உட்கார்ந்தால், பாதிரியாரும் அவர் மனைவியும்தான் இருந்தார்கள்.

இதற்குக் காரணம் இருந்தது. ஊர்ப் பூசாரிக்கு இவர்களைப் பிடிக்கவில்லை. பிடிக்காததில் வியப்பும் இல்லை. எங்கிருந்தோ வந்த ஒருவர், தன் தெய்வத்தை விட்டுவிடச் சொல்கிறார். தன் பிழைப்புக்கும் வேட்டு வைக்கிறார் என்றால், யாருக்குத்தான் பொறுக்கும்? பூசாரியின் சொல்லை மீறி யாரும் வரத் துணியவில்லை. மீறினால் சாமி குற்றம் என்ற பயம். ஊர்க் கட்டுப்பாடு என்ற பயம்.

ஓர் ஆண்டு, இரண்டு ஆண்டு அல்ல. 1914-இல் மகன் பால் பிறந்தான். பிறகு மகள் கோனி பிறந்தாள். குழந்தைகள் நடக்கக் கற்று, ஓடக் கற்று, மலைத் தமிழில் பேசவும் கற்றுவிட்டார்கள். ஜெபத்துக்கு மட்டும் பதில் வரவில்லை. கேட்பது ஒன்று, கிடைப்பது மௌனம். திரும்பிப் போய்விடலாம் என்று எண்ணுவதற்கு அவர்களுக்கு எல்லா நியாயமும் இருந்தது. போகவில்லை.

எதிர்த்தவரே அழைத்தார்!

1918-இல் உலகெங்கும் விஷக்காய்ச்சல் பரவியது. முதல் உலக யுத்தத்தில் செத்தவர்களைவிட இந்தக் காய்ச்சலில் செத்தவர்கள் அதிகம். இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். கொல்லிமலையையும் அது விடவில்லை.

காய்ச்சல் கண்ட வீட்டுக்கு உறவினரும் போகவில்லை. படுத்தவர்கள் படுத்தபடியே கிடந்தார்கள். பல பேர் நோயினால் அல்ல, தண்ணீரும் கஞ்சியும் கொடுக்க ஆளில்லாமல் செத்தார்கள்.

ஜெஸ்ஸியும் ஈவ்லினும் பானை பானையாக அரிசிக் கஞ்சி காய்ச்சினார்கள். அதைச் சுமந்துகொண்டு குடிசை குடிசையாகப் போனார்கள். தலையைத் தூக்கிப் பிடித்து, வாயில் ஊற்றினார்கள். அந்த நோய்க்கு அப்போது வேறு மருந்து கிடையாது.

பூசாரியும் படுத்தார். அவர் மனைவியும் படுத்தார். அவர்களைப் பார்க்க யாரும் போகவில்லை. இத்தனை ஆண்டுகளாக யாரை விரட்ட நினைத்தாரோ, அந்தப் பாதிரியார்தான் கஞ்சியோடு குனிந்து குடிசைக்குள் நுழைந்தார்.

தான் பிழைக்கமாட்டோம் என்று தெரிந்ததும், பூசாரி ஒரு முடிவு செய்தார். தன் மகனையும், மாதக் கணக்கே நிறைந்த கைக்குழந்தையையும் வளர்க்கும் பொறுப்பைப் பிராண்ட் தம்பதியிடமே ஒப்படைத்தார். தன் சொந்தக்காரர்கள் யாரும் எட்டிப் பார்க்காதபோது, வந்தவர்கள் இவர்கள்தான் என்பது அவர் சொன்ன காரணம். பிறகு கண்ணை மூடினார்.

அந்தக் கைக்குழந்தை நூலிழையில் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்த பெண் குழந்தை. ஈவ்லின் இரவும் பகலும் மடியில் வைத்துக் காப்பாற்றினார். ரூத் என்று பெயர் வைத்தார்.

செய்தி மலையெங்கும் பரவியது. பூசாரியே தன் பிள்ளைகளை அவர்களிடம் கொடுத்துவிட்டார் என்றால், இனிப் பயம் எதற்கு? மக்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். ஆதரவற்ற குழந்தைகளும் வந்துசேர்ந்தன. மலையில் சிறிய சபை ஒன்று உருவாயிற்று.

கேட்டது கிடைத்தது. ஆனால் வந்த வழியை நினைத்துப் பார்த்தால் யாருக்கும் சந்தோஷப்படத் தோன்றாது. ஊரே பிணக்காடான பிறகல்லவா அந்த வாசல் திறந்தது!

தந்தி முந்தியது, கடிதம் பிந்தியது

1923-இல் குடும்பம் சீமைக்குப் போயிற்று. 9 வயது பாலையும், 6 வயது கோனியையும் படிப்புக்காக உறவினரிடம் விட்டுவிட்டு, பெற்றோர் மட்டும் மலைக்குத் திரும்பினார்கள். வாராவாரம் கடிதம் போயிற்று. மரங்களையும் பூச்சிகளையும் பற்றித் தந்தை பிள்ளைகளுக்கு எழுதுவார்.

இதற்குள் கணவனுக்கும் மனைவிக்கும் இன்னொரு ஆசை வளர்ந்திருந்தது. கொல்லிமலைக்கு அப்பால் பச்சைமலை, கல்வராயன் மலை என்று வேறு மலைகளும் கண்ணுக்குத் தெரிந்தன. ஐந்து மலைத்தொடர்களுக்கும் போகவேண்டும் என்று ஜெபித்தார்கள்.

1929 ஜூன் மாதம் ஜெஸ்ஸிக்குக் காய்ச்சல் கண்டது. முற்றிய மலைக்காய்ச்சலில் சிறுநீர் கறுத்துப்போகும் கொடிய வகை. ஜூன் 15-ந் தேதி இறந்தார். வயது 44. விடுமுறைக்குச் சில மாதங்களே இருந்தன. வாழவந்தியில் அவரை அடக்கம் செய்தார்கள்.

லண்டனுக்குத் தந்தி பறந்தது. கடிதங்கள் கப்பலில் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தன. தந்தை இறந்துவிட்டார் என்று தெரிந்த பிறகும், வாரக்கணக்கில் தந்தையின் கடிதங்கள் மகனுக்கு வந்துகொண்டிருந்தன. பாலுக்கு அப்போது 14 வயது.

68 வயதில் ஒரு குடிசை

ஈவ்லின் சீமைக்குப் போனார். ஆனால் அங்கேயே தங்கிவிடவில்லை. 50 வயதைக் கடந்த விதவையாகத் தமிழ்நாட்டுக்குத் திரும்பி வந்தார். தனியாக ஒரு பெண் மலையில் இருப்பது சரியல்ல என்று சங்கத்தார் கருதினார்கள். அவரைச் சமவெளியிலும் வேலைக்கு வைத்தார்கள். அவர்கள் எண்ணியதில் தவறு சொல்ல முடியாது. ஒருவரை ஏற்கனவே மலைக்குக் கொடுத்தவர்கள் அவர்கள்.

மற்ற மலைகளைப் பற்றிய ஜெபத்தை மட்டும் ஈவ்லின் விடவில்லை. ஆண்டுகள் போயின. 5 போயிற்று. 10 போயிற்று. 15-உம் போயிற்று.

கடைசியில் ஓய்வு பெறும் வயது வந்தது. மேலும் ஐந்து ஆண்டு பணி செய்யக் கேட்டார். வயதைக் காட்டி மறுத்துவிட்டார்கள். மன்றாடி ஓராண்டு மட்டும் அனுமதி வாங்கினார். அந்த ஆண்டுக்குள் யாருக்கும் தெரியாமல், ஒரு சின்னக் குடிசைக்கு வேண்டிய சாமான்களைச் சேர்த்துவிட்டார்! வழியனுப்ப வந்தவர்களிடம், தான் சீமைக்குப் போகவில்லை, மலைக்குத்தான் போகிறேன் என்று தெரிவித்தார். சங்கத்திலிருந்து ஓய்வு பெற்றாகிவிட்டது. இனித் தடுக்க யாருக்கும் அதிகாரம் இல்லை.

அப்போது அவருக்கு ஏறக்குறைய 68 வயது. கணவர் இறந்து 18 ஆண்டுகளுக்குப் பிறகு, இருவரும் கேட்ட மலைகளுக்கு ஒருவர் மட்டும் கிளம்பினார்.

மட்டக்குதிரை மீது ஏறி ஊர் ஊராகப் போனார். கல்வராயன் மலைக்கும் போனார். மலை மக்களுக்கு அவர் 'பாட்டி' ஆனார். நரம்புச் சிலந்தியை ஒழிக்கும் வேலையைக் கணவர் விட்ட இடத்தில் எடுத்துக்கொண்டார். குதிரையிலிருந்து பலமுறை விழுந்தார். 75 வயதில் இடுப்பு எலும்பு முறிந்து, இரவு முழுவதும் எழ முடியாமல் கிடந்தார். காலையில் ஆள் வந்து பார்த்து, கயிற்றுக் கட்டிலில் வைத்து மலையிலிருந்து இறக்கினார்கள். அதற்குப் பின் இரண்டு கையிலும் மூங்கில் கோல் ஊன்றி நடந்தார். வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடியே வைத்துக்கொள்ளவில்லை. ஒரு காலத்தில் அழகிய உடைகளை விரும்பிய பெண் அவர் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும்.

மகன் பால், சிறுவயதில் தந்தை செய்த வைத்தியத்தில் சீழையும் இரத்தத்தையும் பார்த்து அருவருத்து, டாக்டர் வேலையே வேண்டாம் என்று கொத்து வேலை கற்றவர். அவரே பின்னால் டாக்டரானார். 1946-இல் வேலூர் மருத்துவக் கல்லூரிக்கு வந்து, தொழுநோயாளிகளின் மடங்கிப்போன கைகளை அறுவை சிகிச்சையால் நிமிர்த்திக் காட்டி உலகப் புகழ் பெற்றார். அந்தப் பெரிய டாக்டர், மலையை விட்டு வந்துவிடும்படி தாயிடம் எத்தனையோ முறை வாதாடினார். ஒருமுறைகூட ஜெயிக்கவில்லை.

1974 டிசம்பர் 18-ந் தேதி ஈவ்லின் அம்மையார் காலமானார். வயது 95. நரம்புச் சிலந்தி அதற்குள் கொல்லிமலையில் அருகிப்போயிருந்தது. இந்தியா முழுவதும் அது ஒழிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது, 2000-ஆம் ஆண்டில்.

அம்மையாரின் உடலை மலைக்குக் கொண்டுபோனார்கள். 45 ஆண்டுகளாகத் தனியாக இருந்த ஜெஸ்ஸியின் கல்லறைக்குப் பக்கத்தில், வாழவந்தியில் அடக்கம் செய்தார்கள்.