ஆய்லரும் 2147483647-ம்

சி புரோகிராம் எழுதுறவங்களுக்கு 2147483647 பழகின எண்தான். 32 பிட் இன்ட்ல வைக்கக்கூடிய மிகப்பெரிய மதிப்பு. 2-இன் 31-ஆம் அடுக்கில் ஒன்று குறைவு. ஆனா இது ஒரு பகா எண்ணும்கூட. அதை முதலில் நிரூபித்தபோது லியோனார்டு ஆய்லருக்குக் கண் தெரியாது, தெரியுமா?

1707-ல் ஸ்விட்சர்லாந்தின் பேசல் நகரில் பிறந்தவர் ஆய்லர். அப்பா பாதிரியார். மகனும் அப்படியே ஆகணும்னு அவருக்கு ஆசை. பையனின் திறமையைப் பார்த்த கணிதப் பேராசிரியர் யோஹான் பெர்னூலிதான் அப்பாவிடம் பேசி மனசை மாத்தினார். 20 வயதில் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அகாடமியில் வேலை. 1732-ல், பகா எண் என்று ஃபெர்மா நம்பிய 4294967297, 641-ஆல் வகுபடும்னு காட்டினார்.

முப்பது வயதை ஒட்டி வலது கண் பார்வை போச்சு. 1741-ல் பெர்லின் போனார்; 1766-ல் மறுபடியும் பீட்டர்ஸ்பர்க். இப்போ இடது கண்ணில் புரை. 1771-ல் செய்த அறுவை சிகிச்சையும் கைகொடுக்கல. மிச்சமிருந்த பார்வையும் போனது. அதே வருஷம் வீடும் தீயில் எரிந்தது. இன்னொருவர் தூக்கி வந்துதான் உயிர் பிழைத்தார்.

அடுத்த வருஷமே இந்த எண்ணைப் பற்றிய முடிவைக் கடிதத்தில் அறிவித்தார். மெர்சென் 1644-லேயே இதைப் பகா எண் பட்டியலில் சேர்த்திருந்தார், நிரூபணம் தரல.

எப்படிச் சரிபார்ப்பீங்க? வர்க்கமூலம் சுமார் 46,340. அதுவரை உள்ள பகா எண்களே 4,700-க்கு மேல். ஒவ்வொன்றாலும் கையால் வகுக்க யாரால முடியும்? ஆய்லர் முதலில் யோசித்தார். இதை வகுக்கும் பகா எண் எதுவானாலும், அதை 62-ஆல் வகுத்தா மீதி 1 வரணும். 8-ஆல் வகுத்தா மீதி 1 அல்லது 7 வரணும். இரண்டையும் சேர்த்தா, 248-ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63 வர்ற எண்களைப் பார்த்தா போதும். அப்படிப்பட்டவை சுமார் 370தான். அதிலும் பகா எண்கள் அல்லாதவற்றைத் தள்ளிட்டா இன்னும் குறையும். மிஞ்சியவற்றில் ஒன்றுகூட வகுக்கல.

அப்புறம் 1867 வரை, 95 வருஷம், மனிதருக்குத் தெரிந்த மிகப்பெரிய பகா எண் இதுதான்.

பார்வை போன பிறகும் ஆய்லர் நிறுத்தல. அவர் சொல்லச் சொல்ல மகனும் மாணவர்களும் எழுத, நூற்றுக்கணக்கான கட்டுரைகள் வந்தன. 1783 செப்டம்பர் 18 அன்றும், புதுசா கண்டுபிடிக்கப்பட்ட யுரேனஸின் பாதையைப் பற்றிப் பேசிக்கிட்டிருந்தார். அன்றே இறந்தார்.

அடுத்த தடவை ஃபார் லூப்பை ஒன்றிலிருந்து கடைசி வரை ஓடவிடும் முன்னாடி, எதையெல்லாம் சோதிக்கவே வேண்டாம்னு ஒரு நிமிஷம் யோசிங்க. ஆய்லருக்குக் கம்ப்யூட்டர் இல்ல, கண்ணும் இல்ல. அந்த யோசனைதான் அவரைக் கரை சேர்த்தது.