ஹென்றி மோட்ஸ்லி

மேசைமீது வைத்து இயக்கத்தக்க சிறு சாணைப் பொறிகள், சின்னஞ்சிறு எஞ்சின்களுக்கான கேம் தண்டுகளை இன்று தீட்டித் தருகின்றன. வால்வுகளைத் திறந்து மூடச் செய்யும் அத்தண்டிலுள்ள மேடுகள் வட்டமானவையல்ல, முட்டை வடிவின. தண்டு மெல்லச் சுழல, மேட்டின் வடிவுக்கேற்பச் சாணைச் சக்கரம் முன்னும் பின்னும் நகர்தல் வேண்டும். எவ்வளவு நகர வேண்டுமெனக் கணனி கணிக்கின்றது. ஆயின், நகர்த்துவது ஒரு திருகே. அதன் புரியிடை 1 மில்லிமீற்றராகவும், மோட்டரின் ஒரு சுற்று 200 படிகளாகவும் இருப்பின், படி ஒன்றுக்குச் சக்கரம் 0.005 மில்லிமீற்றர் நகரும். திருகிலே பிழையிருப்பின், நகர்வைத் தனியே அளந்து பார்த்தாலன்றிக் கணனி அதனை அறியமாட்டாது. பிழை தண்டிற் பதிந்துவிடும். நம்பத்தக்க திருகினைத் தொழிலகங்களுக்கு உரியதாக்கிய ஒருவரது வரலாற்றை இம்மலரிற் கூற விழைகின்றோம்.

ஹென்றி மோட்ஸ்லி 1771ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 22ஆந் திகதி, இலண்டனை அடுத்த வூல்விச்சிற் பிறந்தார். தந்தையார் பீரங்கிப் படையிலே சக்கரத் தச்சராய்ப் பணியாற்றிக் காயமுற்று, பின்னர் அவ்வூர்ப் படைக்கலச் சாலையிற் பண்டகக் காப்பாளராய் அமர்ந்தவர். மகனுக்கோ நீண்ட பள்ளிப்படிப்பு வாய்க்கவில்லை. பன்னிரண்டாம் வயதில் வெடிமருந்துத் தோட்டாக்களை நிரப்பும் வேலை, அதன்பின் தச்சுச்சாலை, பதினைந்தாம் வயதளவிற் கொல்லுலை. மரத்தைவிட இரும்பே அவர் மனத்தைக் கவர்ந்தது.

அக்காலத்தில் யோசப் பிராமா என்பார் திறத்தற்கரிய பூட்டொன்றை ஆக்கியிருந்தார். அதனைத் திறப்பார்க்கு 200 கினி பரிசென்று அவரது கடைச் சாளரத்தில் வைக்கப்பட்ட அறைகூவற் பூட்டு 1851ஆம் ஆண்டு வரை எவருக்கும் இணங்கவில்லை. அவ்வாண்டிலே ஓர் அமெரிக்கர் பதினாறு நாட்களிற் பரவலாக உழைத்தே அதனைத் திறந்தார். இத்துணை நுண்ணிய பூட்டைக் கையினாற் செய்வதாயின் விலை வானளாவும். பதினெட்டு வயது இளைஞரான மோட்ஸ்லியைப் பிராமா வருவித்தார். பூட்டின் உறுப்புகளைப் பிழையின்றிச் செய்தற்கான பொறிகளை அவ்விளைஞரே ஆக்கிக் கொடுத்தார். பிராமாவின் நீரழுத்தப் பொறியில் நீர் கசியாது காக்கும் தோல் வளையமும் அவர் கருத்தென்றே கூறப்படுகின்றது. அங்கே பணிபுரிந்த சாரா என்னும் பெண்ணை 1791இல் மணந்தார். மேற்பார்வையாளராய் உயர்ந்தும் அவர் பெற்ற வாரக் கூலி 30 சிலிங்கே. குடும்பம் பெருகியது. 1797இல் கூலியுயர்வு வேண்டினார், மறுக்கப்பட்டது. பிராமா பேரறிவாளரே; எனினும், தம் செல்வத்துக்கு அடிகோலிய கையைச் சில சிலிங்குகளுக்காக இழந்தார் என்றே நாம் கருதுகின்றோம்.

ஒக்ஸ்போட் வீதியை அடுத்து மோட்ஸ்லி சொந்தப் பட்டறை திறந்தார். திருகு வெட்டும் கடைசற் பொறி அந்நாட்களிலேதான் உருப்பெற்றது. அதுவரை பெரும்பாலான திருகுகள் கைத்திறனால் வெட்டப்பட்டன. ஒரு திருகின் மரை வேறொரு திருகிற் பொருந்தாது. மோட்ஸ்லி வெட்டுளியைக் கையினின்று நீக்கி, இரும்புச் சட்டத்தில் நகரும் தாங்கியொன்றிற் பொருத்தினார். அதனை நகர்த்த ஒரு நெடுந்திருகு. சுழற்சியையும் நகர்வையும் இணைக்கப் பற்சக்கரங்கள். சக்கரங்களை மாற்றின், வேண்டிய புரியைப் பெறலாம். இத்தகைய முயற்சிகள் அவருக்கு முன்னரும் இங்கிலாந்திலும் பிரான்சிலும் நிகழ்ந்தனவாதலின், எல்லாம் அவரே கண்டாரெனல் மிகை. எல்லாவற்றையும் ஒன்றுசேர்த்து, உறுதியாய் இரும்பிற் சமைத்து, நாள்தோறும் உழைக்கச் செய்தமையே அவர் பெருமை. பின்னாளில் 5 அடி நீளமும் 2 அங்குல விட்டமும் கொண்டு, அங்குலத்துக்கு 50 புரியுள்ள திருகொன்றையும் வெட்டினார். அதன் மரை 12 அங்குல நீளமானது. 600 புரிகளும் ஒருங்கே பொருந்தினவாம்! திருகினாலேயே இயங்கும் அளவுகருவியொன்றும் அவரது மேசையில் இருந்தது. அங்குலத்தின் பத்தாயிரத்திலொரு பங்கை அது காட்டும். பட்டறையில் அளவுபற்றிய வழக்கெழுந்தால் அதன் தீர்ப்பே முடிவென்பதனால், அதற்கு லோட் சான்சிலர் என்று பெயரிட்டிருந்தனர்.

அவர் பெயரை நாடறியச் செய்தவை போட்ஸ்மத் துறைமுகத்துக் கப்பிப் பொறிகள். பாய்க்கப்பல்களின் கயிறுகளுக்குக் கடற்படை ஆண்டுதோறும் ஓரிலட்சமளவு மரக்கப்பிகளை வேண்டி நின்றது. மார்க் புறூனல் வகுத்த திட்டப்படி, நாற்பதுக்கு மேற்பட்ட பொறிகளை 1802 தொடக்கம் ஏறக்குறைய ஆறாண்டுகளில் மோட்ஸ்லி ஆக்கி முடித்தார். 1808இல் 1,30,000 கப்பிகள் ஆயின. கைதேர்ந்த 110 பேர் செய்த வேலையைப் பயிற்சியற்ற பத்துப்பேர் செய்தனர் என்பர். எஞ்சிய நூறு குடும்பங்களின் நிலை யாதென அக்காலக் கணக்குகள் அதிகம் பேசுவதில்லை. பொறியை வியக்கும் நாமும் அவ்வினாவைக் கடந்து செல்வது முறையன்று. கணனி வந்தபோதும் அதே வினாவே எழுந்தது.

1810இல் இலம்பெத்திற்குப் பெயர்ந்த பட்டறை, கப்பல்களுக்கு நீராவி எஞ்சின் செய்யும் பெருந்தொழிலகமாய் வளர்ந்தது. எம்மை இன்னும் கவர்வதோ அங்கு பயின்றோர் வரிசையாகும். றிச்சட் றொபேட்ஸ், யோசப் விற்வேத், நீராவிச் சம்மட்டியை ஆக்கிய நாஸ்மித் யாவரும் அவரிடம் பணிபுரிந்தவர்களே. நாஸ்மித் 1829இல் தாம் செய்த சிறு எஞ்சினைக் கொணர்ந்து காட்ட, கிழவர் அதனைக் கண்டு மகிழ்ந்து தமக்கே உதவியாளராக்கிக் கொண்டார். யோசப் கிளெமன்ற் என்னும் வரைஞரும் அங்கிருந்தவர். சார்ள்ஸ் பபேஜ் கருதிய கணிப்புப் பொறியின் உறுப்புகளைப் பின்னர் ஆக்கத் தொடங்கியவர் இவரே. கூலி வழக்கினால் 1833இல் அப்பணி நின்றது. திருகும் கணிப்பும் ஒரே பட்டறையின் உறவினர் என்பதை எண்ணுந்தோறும் வியக்கின்றோம். அவை ஒரே பொறியில் இணைய நெடுங்காலம் சென்றது. எண்களால் இயங்கும் வெட்டுபொறி அமெரிக்காவில் மசச்சூசெற்ஸ் தொழினுட்பக் கழகத்திற் காட்டப்பட்டது 1952இலேயாம்.

1831ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நோயுற்ற நண்பரொருவரைக் காணப் பிரான்சுக்குச் சென்ற மோட்ஸ்லி, திரும்புங்காற் கடலிற் குளிர்தாக்கி நோயுற்றுப் பெப்ரவரி 14ஆந் திகதி காலமானார். பிறந்த வூல்விச்சிலேயே அடக்கம் நிகழ்ந்தது. அங்கு எழுப்பப்பட்ட நினைவுச்சின்னம் கல்லாலானதன்று. அவரே முன்னர் வகுத்து வைத்த வடிவில், வார்ப்பிரும்பினால் ஆனது.