கணக்குப் புத்தகத்தில் ஏழ்மையைத் தேடியவர்

இன்ஜினீயருக்கு எதுக்குப் பொருளாதாரம் என்று நம்ம ஆளுங்க கேட்பதுண்டு. நாம் கட்டும் ஒவ்வொரு பாலத்துக்கும் பின்னால் ஒரு பட்ஜெட் இருக்கிறது. அதைப் படிக்கத் தெரியாவிட்டால் நம் வேலையின் பலன் யாருக்குப் போகிறது என்பதும் தெரியாது. அந்த வகையில் ஜே.சி. குமரப்பாவின் வாழ்க்கை நமக்கு ஒரு நல்ல பாடம். நம்மில் பலருக்கு அவர் பெயர் மட்டும்தான் தெரியும்.

1892 ஜனவரி 4-ல் தஞ்சாவூரில் பிறந்தார். லண்டனில் தணிக்கையாளர் படிப்பு, பம்பாயில் நல்ல வருமானம் தந்த தொழில், கோட்டு சூட்டு என்று வசதியான வாழ்க்கை. 1927-ல் மேல்படிப்புக்கு அமெரிக்கா போனார். அங்கே ஒரு தேவாலயத்தில் இந்தியா ஏன் ஏழையாக இருக்கிறது என்று பேசினார். செய்தி பத்திரிகையில் வந்தது. அதைப் பார்த்த கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் செலிக்மன், அதையே ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

குமரப்பா செய்தது ஒரு ஆடிட்டர் செய்கிற வேலைதான். வரி யாரிடமிருந்து வருகிறது, எதற்குச் செலவாகிறது என்று அரசாங்கக் கணக்கைப் பிரித்துப் பார்த்தார். ராணுவம், கடன் வட்டி, நிர்வாகம் ஆகியவை பெரும் பங்கை விழுங்கின. கல்விக்கும் சுகாதாரத்துக்கும் மிஞ்சியது கொஞ்சம்தான். பிரிட்டிஷ் ஆட்சி நல்லது என்று அதுவரை நம்பியிருந்தவரை அந்தக் கணக்கு மாற்றிப் போட்டது.

1929-ல் திரும்பிவந்து சபர்மதியில் காந்தியைச் சந்தித்தார். அவருடைய ஆய்வு 'யங் இந்தியா'வில் தொடராக வந்தது. பிறகு குஜராத் வித்யாபீட மாணவர்களுடன் கேடா மாவட்டத்து மாதர் தாலுகாவில் 54 கிராமங்களுக்குப் போய், குடும்பங்களின் வரவு செலவைக் கேட்டு எழுதினார். மேலே பட்ஜெட்டைப் படித்தவர் கீழே அடுப்படி வரை போய்ச் சரிபார்த்தார் என்பதுதான் இதில் விசேஷம்.

1931-ல் இந்தியாவின் பொதுக்கடனில் எது நியாயமாக நம் தலையில் விழ வேண்டியது, எது பிரிட்டன் ஏற்க வேண்டியது என்று ஆராய்ந்த காங்கிரஸ் குழுவின் அமைப்பாளர் அவரே. பம்பாய்த் தொழிலை விட்டதற்குக் கிடைத்த பரிசு, பலமுறை சிறைவாசம். ஜபல்பூர் சிறையில் எழுதிய 'நிலைத்த பொருளாதாரம்' பற்றிய நூல் 1945-ல் வெளிவந்தது. சுதந்திரத்துக்குப் பிறகும் அவர் வாயை மூடவில்லை. காங்கிரஸ் நிலச் சீர்திருத்தக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். பெருந்தொழிலை நம்பிய திட்டமிடலையும் அதே கண்டிப்போடு விமர்சித்தார். அதனால் ஆளும் வட்டாரத்திலிருந்து விலகி நின்றார். கடைசிக் காலத்தை மதுரை மாவட்டம் தே. கல்லுப்பட்டியில் கழித்து, 1960 ஜனவரி 30-ல், காந்தி நினைவு நாளிலேயே காலமானார்.

டிராக்டர், ரசாயன உரம் பற்றி அவர் சொன்னதையெல்லாம் நான் அப்படியே ஏற்கிறேன் என்று சொல்ல மாட்டேன். இயந்திரத்தோடு பிழைக்கிறவன் நான். ஆனால் அவர் கேட்ட கேள்விகளைத் தட்டிக்கழிக்க முடியவில்லை. பணம் யாருடையது? பலன் யாருக்கு? இருபது வருஷம் கழித்து என்ன மிச்சம் இருக்கும்?

படித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளே, அடுத்த பட்ஜெட் வரும்போது ஒரே ஒரு திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கட்சிக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு இந்த மூன்று கேள்வியையும் கேட்டுப் பாருங்கள். அப்புறம் அந்தத் திட்டம் போய்ச்சேர வேண்டிய ஊருக்கு ஒரு நடை போய் வாருங்கள்.